மேல் வீட்டுக்கு ஆள் வேணும்

செருப்பைக் கீழ விடாதீங்க தம்பி, ரெண்டாவது படியில வைங்க. இல்லல்ல, இப்போ தண்ணி ஒண்ணும் வரல. வானம் பளிச்சுனுதான் இருக்கு. ஆனா ஐப்பசி பொறந்துட்டா இந்த வீட்டுல தரையில எதையும் வைக்கிறது இல்ல. அப்படியே பழகிப் போச்சு.

போர்டைப் பார்த்துட்டு வந்தீங்களா, இல்ல புரோக்கர் யாராவது சொன்னாங்களா? போர்டுதானே? நல்லதாப் போச்சு. புரோக்கர்னா வர்ற வழியிலயே உங்க காதுல ஏதாவது ஓதியிருப்பான். நானே எல்லாத்தையும் சொல்லிடுறேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்ல. அந்தக் கட்டில்ல உக்காருங்க. கொஞ்சம் எம்பி உக்காரணும், காலுக்கு ரெண்டு ரெண்டு கல்லு வச்சு ஒசத்தியிருக்கேன். ஆங், அப்படித்தான். உங்களுக்கே காலு தொங்குதே! அப்போ போன வருஷத்தை விட ஒசரமாத்தான் வச்சிருக்கேன்.

அதோ ஜன்னல்கிட்ட நாற்காலியில இருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரர். தணிகாசலம்னு பேரு. நீங்க பேசுறது எல்லாம் நல்லா புரியும், பதில்தான் வராது. வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. இடது கை மட்டும் இருக்கு. பாருங்க, உங்களுக்கு வணக்கம் வைக்கிறாரு.

உங்க வீட்டுல எத்தனை பேரு? நீங்க, சம்சாரம், அப்புறம் உங்க தம்பியும் கூட இருக்காரா? அப்படியா! தம்பிக்கு என்ன வயசு? ஒடம்பு எப்படி, உங்களை மாதிரி தாட்டியா, இல்ல ஒல்லியா? எதுக்குக் கேக்கறேன்னா, எனக்கு மேல் வீட்டுக்கு ரெண்டு ஆம்பளை வேணும். வாடகை எல்லாம் முன்னப்பின்ன பேசிக்கலாம், அது ஒரு பெரிய விஷயமே இல்ல. தண்ணி வர்ற அன்னிக்கு இவரைத் தூக்கி மேல கொண்டு போகணும். அவ்வளவுதான். வருஷத்துல ஒரு நாள். சில வருஷம் அதுவும் கிடையாது.

பயப்படாதீங்க. நான் மத்த எல்லாத்தையும் தயாராத்தான் வச்சிருக்கேன். அங்க பாருங்க, ஃபிரிட்ஜு ஸ்லாப் மேல நிக்குது. குனிஞ்சு காய் எடுக்கற வேலையே இல்ல, ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கறேன். பீரோவுல கீழ் ரெண்டு தட்டும் காலி. கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோட கயித்துல கட்டியிருக்கேன், இல்லேன்னா அது மிதந்து போயி அடுத்த தெருவுல நிக்கும். போயிருக்கு தம்பி, சும்மா சொல்லல. ரேஷன் கார்டு, பத்திரம், அவரோட ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் கவர்ல போட்டு, கவரை பிரஷர் குக்கர்ல போட்டு மூடி, மேல பரண்ல வச்சிருக்கேன். குக்கருக்குள்ள தண்ணி போகாது பாருங்க. தீப்பெட்டி அரிசிக்குள்ள இருக்கு. கக்கூஸ் வாய்க்கு மணல் மூட்டை தனியா தைச்சு வச்சிருக்கேன். தண்ணி தெருவழியா வர்றதுக்கு முன்னாடி அது வழியாத்தான் வரும், நிறைய பேருக்கு அது தெரியாது. வாசலைக் காவல் காத்துக்கிட்டு நிப்பாங்க, பின்னாடி வீடு நெறைஞ்சிருக்கும்.

மோட்டார் சுவிட்ச், மீட்டர் பொட்டி எல்லாம் தலைக்கு மேல. பாம்புக்கு ஒரு கொம்பு. அவரோட மாத்திரை எல்லாம் ஒரு தண்ணி பாட்டில்ல, அந்த பாட்டில் எப்பவும் அவரு கழுத்துல. அவருக்கு அது பிடிக்காது. அதுக்கு என்ன பண்றது.

எல்லாத்துக்கும் வழி இருக்கு தம்பி. இவருக்குத்தான் ஒரு வழியும் இல்ல. எண்பத்தி ரெண்டு கிலோ. கல்லு வச்சு ஒசத்த முடியுமா, பரண்ல போட முடியுமா?

இந்த மழையை நம்பவே முடியாதுங்க. மத்த ஊருல எல்லாம் குளிர்காலம்னா குளிருது, அவன் கம்பளியை எடுத்துப் போத்திக்கறான். இங்க ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கினா அது பீரோவுலயே கிழியுது. குளிரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில ஒரு புயல் வருமா வராதான்னு உக்காந்துக்கிட்டு இருக்கறதுதான் நமக்குக் குளிர்காலம். டிவியில சிவப்பு எச்சரிக்கைன்னு சொல்லி பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டா, அன்னிக்குச் சுள்ளுனு வெயில் அடிக்கும், பிள்ளைங்க தெருவுல கிரிக்கெட் ஆடும். லேசான தூறல்னு சொன்ன அன்னிக்கு முழங்கால் தண்ணி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் பொண்ணு வாம்மா வாம்மான்னு உசுரை எடுத்தா. ஓசூர்ல இருக்கா. சரின்னு இவரை வண்டி வச்சு அழைச்சுக்கிட்டுப் போயி இருபத்தஞ்சு நாள் இருந்தேன். ஒரு படுக்கை ரூம் வீடு, அவ மாமியார் மாமனார் வேற, எல்லாரும் ஹால்ல. இருபத்தஞ்சு நாளும் இங்க ஒரு சொட்டு விழல. எத்தனை நாளுன்னு இன்னொருத்தர் வீட்டுல இருக்கறது? கிளம்பி வந்தோம். வந்த மூணாம் நாள் கொட்டுச்சு. தேதி சொல்லிட்டு வந்தா நான் ஏன் இப்படிக் கிடந்து அல்லாடுறேன்?

என்ன, நீங்களே மேல குடி போயிட வேண்டியதுதானேன்னு பாக்கறீங்களா? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. போன வாரம் வந்த வாத்தியாரும் கேட்டாரு. வெளிப்பக்கமா பதினேழு படி இருக்கு தம்பி, நடுவுல ஒரு திருப்பம். மேல இருந்தா இவரை எக்சர்சைஸுக்கு வாரம் ரெண்டு தடவை கீழ இறக்கி ஏத்தணும். டாக்டர்கிட்ட போக இறக்கி ஏத்தணும். கீழ இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கினாப் போதும். கணக்கு போட்டுப் பாருங்க, யாருக்கு லாபம்? போதாததுக்கு இவரும் மேல இருக்க மாட்டேங்கறாரு. ஒரு தடவை நாலு நாள் வச்சுப் பார்த்தேன். வாயையே திறக்கல. சோத்தை ஊட்டினா பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. இங்க கொண்டு வந்து அந்த ஜன்னல்கிட்ட உக்கார வச்சப்புறம்தான் ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சாரு. அப்படி ஒரு பிடிவாதம்.

அவரு எப்படி இருந்தவரு தெரியுமா? உங்களுக்குத் தெரியாது, நீங்க ஊருக்குப் புதுசு. வீடு மாத்திக் கொடுக்கற வேலை. லாரி ஒண்ணு, ஆறு ஆளு. தை மாசம், ஆவணி மாசம்னா நாள் நல்ல நாளா இருந்தாப் போதும், விடிகாலையில போவாரு, மூணு வீடு மாத்திட்டு வருவாரு. மூணாவது மாடிக்கு கோத்ரெஜ் பீரோவை ரெண்டே ஆளு வச்சு ஏத்துவாரு, சுவத்துல ஒரு கீறல் விழாது. கண்ணாடி கூட ஆடாது. முப்பது வருஷம் பீரோவும் வாஷிங் மெஷினும் தூக்கினவரு, ஒரு பங்குனி மாசம் காலையில காபி டம்ளரைத் தூக்கும்போது விழுந்தாரு. டம்ளர் அங்க உருண்டு போச்சு, இவரு இங்க.

அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்போ இவருக்கு நல்ல ஒடம்பு. இந்தத் தெருவே கழுத்தளவுல நின்னுச்சு. இவரு என்ன பண்ணாரு, ஒவ்வொரு வீடாப் போயி முடியாதவங்களை எல்லாம் முதுகுல தூக்கிக்கிட்டு வந்து நம்ம மாடியில விட்டாரு. பதினோரு பேரு. மேல அப்போ வெறும் ஷீட்டு போட்ட ரூம்தான். எதிர் வீட்டு சரோஜினி டீச்சர் நூறு கிலோ இருப்பாங்க. அவங்க வேணாம் தணிகாசலம், என்னை விட்டுடுன்னு அழறாங்க. இவரு சிரிக்கறாரு. அம்மா நீங்க ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜு, அவ்வளவுதான்னு சொல்லிக்கிட்டே தூக்கறாரு. மூணு நாள் அந்தப் பதினோரு பேரோட நாங்களும் மேல இருந்தோம். இவரை எல்லாரும் கும்பிட்டாங்க. அப்படிப்பட்டவரு தன்னை நாலு பேரு தூக்கும்போது எவ்வளவு ஒத்துழைப்பு கொடுக்கணும்? தூக்கறது எப்படின்னு தெரிஞ்சவரு இல்ல? அதான் எனக்குப் புரியல.

சரி, முறையைச் சொல்லிடுறேன், உங்க தம்பிகிட்டயும் சொல்லிடுங்க. இது அவரோட முறைதான், நானா கண்டுபிடிக்கல. கை வச்ச நாற்காலி. அவரோட பழைய லாரி நாடா இருக்கு, பீரோவைக் கட்டுற பட்டை நாடா, அதை மாருக்கு ஒண்ணு, தொடைக்கு ஒண்ணு போட்டு இறுக்கணும். முதுகுப் பக்கம் ஒரு ஆளு, அவரு மேல் படியில முதல்ல போகணும். கால் பக்கம் ஒரு ஆளு, அவரு கீழ் படியில. பாரம் பூராவும் கீழ் ஆளு மேலதான் இறங்கும். அதனால கீழ் ஆளு மட்டும்தான் பேசணும். ஏறு, நில்லு, திருப்பு, எல்லாம் கீழ் ஆளுதான் சொல்லணும். மேல் ஆளு வாயே திறக்கக் கூடாது. ரெண்டு பேரும் பேசினா சாமான் உடையும்னு சொல்லுவாரு. அப்புறம் கை ஜாடை. உள்ளங்கையைக் கீழ பார்த்து ரெண்டு தடவை அழுத்தினா, இறக்கி வைன்னு அர்த்தம். எவ்வளவு அவசரமா இருந்தாலும் அந்த ஜாடையைப் பார்த்தா அந்த இடத்துலயே இறக்கிடணும். அவரு ஆளுங்க அதை மீறவே மாட்டாங்க. மீறினா மறுநாள் வேலை கிடையாது.

முன்னாடி மேல குடியிருந்தது கோதண்டம். பஸ் டிப்போவுல மெக்கானிக். சம்சாரம் அமுதவல்லி, ரெண்டு பொண்ணுங்க, மச்சான் ஜெயசீலனும் கூட. ரெண்டு ஆம்பளை. நல்ல ஒடம்பு. எனக்குக் கடவுளே பார்த்து அனுப்பின மாதிரி இருந்துச்சு. குடி வந்த அன்னிக்கே விஷயத்தைச் சொன்னேன். அதுக்கென்னக்கா, நம்ம அண்ணன் மாதிரின்னு சொன்னான். நல்ல பிள்ளைதான். அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒத்திகை வச்சேன். தீயணைப்பு ஆளுங்க எல்லாம் சும்மா இருக்கும்போதும் ஏணி ஏறிப் பழகறாங்க இல்ல? அந்த மாதிரி. புரட்டாசி கடைசியிலேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில எட்டு மணிக்கு. நாடாவைக் கட்டி, கோதண்டம் கால் பக்கம், ஜெயசீலன் முதுகுப் பக்கம், பதினேழு படியும் ஏத்தி, மேல அஞ்சு நிமிஷம் வச்சு, திரும்ப இறக்கணும். நான் மேல திருப்பத்துல நின்னுக்கிட்டு வாட்ச்சைப் பார்ப்பேன். முதல் வாரம் பத்து நிமிஷம் ஆச்சு. நாலாவது வாரம் நாலரை நிமிஷம். எதிர் வீட்டுப் பசங்க எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துடுவாங்க, ஏதோ சாமி புறப்பாடு மாதிரி. சரோஜினி டீச்சர் மட்டும் ஜன்னலைச் சாத்திக்குவாங்க. ஏன்னு தெரியல. இவரு தூக்கினதை மறந்துட்டாங்க போல, மனுஷங்க அப்படித்தான்.

அஞ்சாவது வாரத்துலேருந்து கோதண்டம் மழுப்ப ஆரம்பிச்சான். டிப்போவுல வேலை இருக்குக்கான்னான். இடுப்பு பிடிச்சிருக்குன்னான். ஒரு தடவை என்ன சொன்னான் தெரியுமா? அக்கா, அண்ணன் என்னைப் பார்க்க மாட்டேங்கறாரு, கண்ணை மூடிக்கறாரு, கண்ணுலேருந்து தண்ணி வருதுங்கறான். வெயில் மூஞ்சில அடிக்குது, வராம என்ன செய்யும்னு கேட்டேன். அதுக்கப்புறம் ஒரு தொப்பி வாங்கிப் போட்டு விட்டேன்.

போன வருஷம் கார்த்திகையில அந்த நாள் வந்துச்சு. காலையில ஏழு மணி. டிவியில ஒண்ணுமே சொல்லல. கக்கூஸ்ல குபுகுபுன்னு சத்தம் கேட்டுச்சு, மணல் மூட்டையை அமுக்கிட்டு வந்து பார்த்தா வாசல்ல கணுக்கால் தண்ணி. நான் கத்தினேன். கோதண்டமும் ஜெயசீலனும் மேல இருந்து ஓடி வந்தாங்க. வந்தவங்க பாதியிலயே நின்னுட்டாங்க.

என்னன்னா, படியில சாமான் இருந்துச்சு.

நீங்களே சொல்லுங்க தம்பி, வேற எங்க வைக்கறது? பரண் நெறைஞ்சு போச்சு. ஐப்பசி கடைசியிலேருந்து நான் ஒவ்வொண்ணா மேல ஏத்திக்கிட்டே இருந்தேன். ஒரு படிக்கு ஒரு சாமான். கிரைண்டர், தையல் மெஷின், அரிசி டிரம், பொண்ணோட பரதநாட்டியப் பெட்டி, எல்லாம் வரிசையா அழகா வச்சிருந்தேன். ஒரு ஆளு ஒருக்களிச்சு நடந்து போகலாம், வழி விட்டிருந்தேன். நாற்காலிதான் போகாது. ஒத்திகை அப்போ அவ்வளவு சாமான் இல்ல, அதுக்கப்புறம் ஏத்தினது. படியில சாமான் வச்சிருந்தா இவரு வேலைக்கே கை வைக்க மாட்டாரு. எத்தனையோ வீட்டுக்காரங்களைத் திட்டியிருக்காரு, முதல்ல படியைக் காலி பண்ணுங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்கன்னு. எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அதைத்தான் சாப்பாட்டு வேளையில கேட்டுக்கிட்டு இருந்தேன். ஆனா அது ஊரார் வீட்டுப் படி. இது மழைக்கு வச்சது.

அவங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு சாமானா மேல கொண்டு போயி வச்சாங்க. அந்த கிரைண்டரை எடுக்கவே கால் மணி நேரம். பொறுமையா எடுக்கறான் கோதண்டம், கீறல் விழுந்துடும்னு. நான் போட்டு உடைடா, தூக்கி எறிடான்னு கத்தறேன். இவரு இங்க இதே நாற்காலியில உக்காந்திருக்காரு. நாடா கட்டியாச்சு. தண்ணி முட்டிக்கு வந்துச்சு, தொடைக்கு வந்துச்சு. கக்கூஸ் தண்ணி வேற, என்ன இருந்தாலும் மூட்டையைத் தாண்டி வந்துடுச்சு. மாத்திரை பாட்டில் அவரு மடியில மிதக்குது. நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டு நின்னேன். ஒரு மணி நேரம். அவரு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. திட்டுற பார்வை இல்ல தம்பி. திட்டுற பார்வையா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒரு வழியா தூக்கினாங்க. நான் முன்னாடியே ஓடிப் போயி திருப்பத்துல நின்னுக்கிட்டேன், வழக்கமா நிக்கிற இடம். ஏறு, ஏறுன்னு கோதண்டம் குரல் கேக்குது. ஏழாவது படியில சத்தம் நின்னு போச்சு. என்னடான்னு எட்டிப் பார்த்தா, நாற்காலியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே மலைச்சுப் போயி நிக்கறான் கோதண்டம். ஏறுன்னும் சொல்லல, நில்லுன்னும் சொல்லல. அப்போ கோதண்டம் சொன்னான்:

"அக்கா, அண்ணன் இறக்கி வைன்னு ஜாடை காட்டுறாரு."

எனக்கு மேல இருந்து அவரு பின்னந்தலைதான் தெரிஞ்சுது. கை தெரியல. காட்டியிருப்பாரு, இல்லேங்கல. பழக்க தோஷம் தம்பி. முப்பது வருஷமா படி ஏறும்போது காட்டின கை, படியைப் பார்த்ததும் தானா வருது. வேலையில இருக்கற நெனப்பு. அதைப் போயி ஒருத்தன் அர்த்தம் பண்ணிக்கிட்டு, கீழ தண்ணி ஏறிக்கிட்டு இருக்கும்போது ஏழாவது படியில நின்னா எப்படி? நான் மேல இருந்து என் தொண்டை கிழியக் கத்தினேன். ஏறுடா, என் தாலி உன் கையில இருக்கு, ஏறுடான்னேன். ஏறிட்டான். மேல கொண்டு வந்து வச்சுட்டு, மொட்டை மாடிக்குப் போயி மழையில நின்னுக்கிட்டு அழுதான். எதுக்கு அழறான், காப்பாத்திட்டான் இல்ல? எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இவ்வளவு பெரிய ஆம்பளை.

தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சுது. இவருக்கு மாருல சளி கட்டி ஒரு மாசம் ஆஸ்பத்திரி. அதை விடுங்க. தை பொறந்ததும் அமுதவல்லி வந்து, பொண்ணுங்க பள்ளிக்கூடம் தூரமா இருக்குக்கா, காலி பண்றோம்னா. பள்ளிக்கூடம் இதோ, அந்த வேப்பமரத்துக்குப் பின்னாடி. கிளம்புற அன்னிக்குக் கோதண்டம் இவருகிட்ட வந்து மண்டி போட்டு உக்காந்தான். இவரு அந்த இடது கையை எடுத்து அவன் தலையில வச்சாரு. ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. அவன் என்கிட்ட வந்து, அண்ணன்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்கக்கா, அவருக்கு என்ன வேணும்னு கேட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போனான். என்ன கேக்கறது? தண்ணியில கிடக்கறீங்களா, மேல வர்றீங்களான்னா? இதெல்லாம் ஒரு கேள்வியா?

அதுலேருந்து மேல் வீடு காலி. தையிலேருந்து ஐப்பசி வரைக்கும் எத்தனை பேரு வந்துட்டாங்க. எல்லாருக்கும் வீடு பிடிச்சுது, நல்ல காத்து, நல்ல தண்ணி. பார்த்துட்டு சாயங்காலம் போன் பண்றேம்மான்னு போறாங்க, ஒருத்தரும் பண்றதில்ல. ஏன்னே விளங்கல. அந்த வாத்தியார் நல்ல மனுஷன், டிஸ்க்கு விலகியிருக்குன்னாரு, நானே வேணாம்னுட்டேன். ரெண்டு நர்ஸுப் பொண்ணுங்க வந்துச்சு, நாங்க ஆஸ்பத்திரியில தினம் தூக்கறோம்மா, எங்களால முடியும்னாங்க. சந்தோஷமா இருந்துச்சு. மறுநாள் அட்வான்ஸ் தர வந்தவங்க, நான் உள்ள காபி போடப் போன நேரத்துல இவருகிட்ட ஏதோ பேசியிருக்காங்க. காபியைக் கொண்டு வந்தா அதுல ஒரு பொண்ணு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருக்கு. அம்மா, எங்களுக்கு டியூட்டி மாத்திட்டாங்க, வர முடியாதுன்னு போயிட்டாங்க. கால் மணி நேரத்துல யாரு டியூட்டியை மாத்துனது? இவரால பேசவும் முடியாது. நான் யாரைக் குத்தம் சொல்ல?

என்ன எழுந்துட்டீங்க? வீட்டைப் பார்க்கணுமா? பாருங்க, பாருங்க. சாவி இந்தாங்க. ஏறும்போது அஞ்சாவது படியில அரிசி டிரம் இருக்கும், ஒருக்களிச்சுப் போங்க. இல்லப்பா, இந்த வருஷம் படியில ஒண்ணும் வைக்கறது இல்லேன்னுதான் இருக்கேன். அந்த டிரம் மட்டும்தான். அப்புறம் அதுக்கு மேல தையல் மெஷினு. அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு இருக்கும். எடுத்துடுவேன்.

பார்த்தாச்சா? அதுக்குள்ளயா? பிடிச்சிருக்கு இல்ல? சாயங்காலம் போன் பண்றீங்களா. சரி தம்பி. பண்ணுங்க.

தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்க. வெளிய பாருங்க, நீங்க வரும்போது வானம் பளிச்சுனு இருந்துச்சு இல்ல, இப்போ தெற்கால கறுத்துக்கிட்டு வருது. இப்படித்தான் வரும். நீங்க போன் பண்ண மாட்டீங்க. எனக்குத் தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாம இல்ல. கோவம் இல்ல தம்பி. உங்க வயசுல நானா இருந்தாலும் ஓடிப் போயிடுவேன். ஆனா வந்தது வந்துட்டீங்க, ஒரே ஒரு தடவை கை கொடுங்க. வெறும் நாலு படி. அஞ்சாவதுல டிரம் இருக்கு, அதுக்கு மேல வேணாம். நானும் நீங்களுமா தூக்க முடியுதான்னு பார்க்கணும். யாருமே வரலேன்னா எதிர் வீட்டு டீச்சர் பையனை ஒரு பக்கம் கூப்பிட்டுக்கிட்டு நானே ஒரு பக்கம் பிடிச்சுக்கலாம் இல்ல? எனக்கு அம்பத்தெட்டுதான். அது முடியுமா முடியாதான்னு தெரிஞ்சுட்டாப் போதும், ராத்திரி தூங்குவேன்.

இருங்க, நாடாவைக் கட்டிடுறேன். இவரை முதல்ல படிகிட்ட நகர்த்திக்கலாம். ஆங். நான் முதுகுப் பக்கம், நீங்க கால் பக்கம். நீங்கதான் கீழ் ஆளு, நீங்கதான் பேசணும். நான் வாயே திறக்க மாட்டேன். ஏறுன்னு சொல்லுங்க.

ஒண்ணு. பாருங்க, வருது! ரெண்டு. கனம் தெரியல. மூணு.

என்ன தம்பி நின்னுட்டீங்க? சொல்லுங்க, ஏறுன்னு சொல்லுங்க. கை வலிக்குதா? அவரு மூஞ்சைப் பார்க்காதீங்க, படியைப் பாருங்க. ஏன் பேச மாட்டேங்கறீங்க? கை காட்டுறாரா? எனக்கு இங்கேருந்து தெரியல தம்பி, எனக்கு எப்பவுமே பின்னந்தலைதான் தெரியும். ரெண்டு தடவை அழுத்துறாரா? உள்ளங்கை கீழ பார்த்தா?

இன்னும் காட்டுறாரா?

தெரியும்ப்பா. அது பழக்க தோஷம் இல்லேன்னு எனக்குத் தெரியும். அந்த ஏழாவது படியிலயே தெரியும். இறக்கி வைங்கறாரு. இறக்கி வைன்னா எங்கப்பா இறக்கி வைப்பேன்? கீழ தண்ணி வருமே. நீங்க விட்டுடாதீங்க. கொஞ்ச நேரம், அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.